ஒரே துடைப்பம், மூன்று சம்பளம்!

காண்டிராக்ட் தொழிலாளர்களின் கூலி ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சென்னை ரிப்பன் கட்டிடத்தின் முன்பு துப்புரவுத் தொழிலாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். வெயிலிலும் மழையிலும் 13 நாட்கள் போராட்டம் நடந்தது. ஐகோர்ட்டு உத்தரவைத் தொடர்ந்து, 13-ந் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள்.

அவர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு அங்கே வந்து உட்காரவில்லை. வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் குறையக் கூடாது, வேலையை நிரந்தரமாக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் துப்புரவு வேலையை மாநகராட்சி ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அதுவரை மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாய் கிடைத்து வந்ததாகவும், கம்பெனியில் சேர்ந்தால் 17 ஆயிரத்துக்கும் குறைவாகவே கிடைக்கும் என்றும் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். கம்பெனியில் பி.எப்., இ.எஸ்.ஐ. போன்ற சலுகைகள் உண்டு என்று மாநகராட்சி பதில் சொன்னது.

6 ஆயிரம் ரூபாய் என்பது ஏழைக் குடும்பத்துக்குச் சின்னத் தொகையா? வீட்டு வாடகை அதில்தான் போகிறது.

மூன்று வகை ஆட்கள்

சென்னைத் தெருக்களைப் பெருக்குவோரில் மூன்று வகை உண்டு. மாநகராட்சியின் நிரந்தர ஊழியர் ஒரு வகை. சுய உதவிக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர் இரண்டாவது வகை. தனியார் கம்பெனியின் ஆள் மூன்றாவது வகை.

மூவர் கையிலும் இருப்பது துடைப்பம்தான். மூவரும் அள்ளுவது இதே நகரத்துக் குப்பைதான். சம்பளம் மட்டும் மூன்று விதம்.

துப்புரவு வேலையில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி, பாங்கி, தொழிற்சாலை என்று எங்கும் இதே கதைதான். முன்வாசல் காவலர் ஒரு காண்டிராக்டரின் ஆள். பின்வாசல் காவலர் இன்னொரு காண்டிராக்டரின் ஆள். இருவர் சம்பளமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பணம் எங்கே குறைகிறது?

காண்டிராக்ட் வேலை டெண்டர் மூலம் கொடுக்கப்படுகிறது. பெரும்பாலும், குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை கிடைக்கும். யந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் கடைக்காரர் விலையைக் குறைக்கமாட்டார். ஆகவே குறைப்பு கடைசியில் தொழிலாளியின் கூலியில் வந்து விழுகிறது. சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. அதற்கு மேலே எவ்வளவு என்பது காண்டிராக்டரின் மனசு.

பிடித்தத்திலும் தந்திரம் நடப்பது உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சம்பளம் 15 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பி.எப்.புக்குத் தொழிலாளியின் பங்கு 100-க்கு 12 ரூபாய். அதாவது 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 100-க்கு 75 காசு. சுமார் 113 ரூபாய். இவை போகக் கையில் கிடைக்க வேண்டியது சுமார் 13,087 ரூபாய்.

முதலாளியும் தம் பங்காக பி.எப்.புக்கு 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 100-க்கு 3 ரூபாய் 25 காசு வீதம் சுமார் 488 ரூபாயும் கட்ட வேண்டும். இதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது சட்ட விரோதம். ஆனால் நேர்மையற்ற காண்டிராக்டர் இதையும் தொழிலாளியின் தலையிலேயே கட்டிவிடுகிறார். அப்போது கைக்கு வருவது சுமார் 10,800 ரூபாய்தான். காகிதத்தில் இருவருக்கும் ஒரே சம்பளம். வீட்டுக்கு வருவதிலோ 2,200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்!

டிரைவர் தொடுத்த வழக்கு

"சம வேலைக்குச் சம ஊதியம்" என்ற கொள்கை நம் நாட்டுக்குப் புதிது அல்ல. 1982-ம் ஆண்டில் டெல்லி போலீஸ் டிரைவர் ரண்தீர் சிங்கின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை வலியுறுத்தியது.

அப்போது மெட்ரிகுலேஷன் படிக்காத போலீஸ் டிரைவரின் சம்பள விகிதம் 210 ரூபாய் முதல் 270 ரூபாய் வரை. ரெயில்வே பாதுகாப்புப் படை டிரைவருக்கு 260 முதல் 400 வரை. வண்டி ஓட்டும் வேலை ஒன்றாக இருக்கும்போது, இலாகா வேறு என்பதற்காகச் சம்பளம் குறையலாமா? கூடாது என்றது கோர்ட்டு. ரெயில்வே பாதுகாப்புப் படை டிரைவருக்குச் சமமாகவாவது கொடுக்கும்படி உத்தரவிட்டது.

2016-ம் ஆண்டில் பஞ்சாப் வழக்கு ஒன்றில், சர்க்காரின் தற்காலிக ஊழியர்களுக்கும் இந்தக் கொள்கை பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

அளவுகோல் எங்கே?

அப்படியானால் காண்டிராக்ட் தொழிலாளிக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? ரண்தீர் சிங்குக்கு முதலாளி சர்க்கார். அவர் ஒப்பிட்டுக் காட்டிய டிரைவர்களுக்கும் முதலாளி சர்க்கார்தான். காண்டிராக்ட் தொழிலாளர்களுக்கோ ஆளுக்கு ஒரு முதலாளி!

1970-ம் ஆண்டு காண்டிராக்ட் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 1971-ல் மத்திய சர்க்கார் விதிகள் வகுத்தது. நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைக் காண்டிராக்ட் தொழிலாளி செய்தால் அதே கூலி தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

நல்ல விதிதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க நிரந்தரத் தொழிலாளி ஒருவர் அங்கே இருக்க வேண்டுமே? வேலை முழுவதையும் காண்டிராக்டில் விட்டுவிட்டால், அளவுகோலே போய்விடுகிறது. நிரந்தர ஊழியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படாதபோது, மற்றவர்களின் அளவுகோலும் அவருடனே போய்விடுகிறது.

2025 நவம்பர் 21-ந் தேதி புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. காண்டிராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கும் நிறுவனமே கொடுக்க வேண்டும் என்ற பாதுகாப்பு அதிலும் உண்டு. ஆனால் பழைய சட்டம் 20 காண்டிராக்ட் தொழிலாளர் உள்ள இடத்துக்கே பொருந்தியது. புதிய சட்டம் 50 பேர் இருந்தால்தான் பொருந்தும்.

இங்கிலாந்தில் என்ன வழி?

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்து ஒரு வழி கண்டது. அங்கே 2011 அக்டோபர் 1-ந் தேதி முதல் ஒரு விதி இருக்கிறது. ஏஜென்சி மூலம் வந்த தொழிலாளி ஒரே வேலையில் 12 வாரம் இருந்துவிட்டால், அந்த நிறுவனம் அவரை நேரடியாக அமர்த்தியிருந்தால் என்ன சம்பளம் கொடுத்திருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். ஏஜென்சி எது என்பது முக்கியம் அல்ல. வேலை எது என்பதே முக்கியம். இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. வேலை இல்லாத நாட்களுக்கும் ஏதோ ஒரு தொகை கொடுத்துவிட்டு, சமச் சம்பளத்தைத் தவிர்த்து வந்தார்கள். 2020 ஏப்ரலில் அதையும் அடைத்தார்கள்.

என்ன செய்யலாம்?

வேலைக்கு இன்ன சம்பளம் என்று டெண்டரிலேயே எழுதிவிடலாம். எந்தக் காண்டிராக்டர் வந்தாலும் அந்தக் கூலியைக் குறைக்கக் கூடாது. தம் கமிஷனையும் செலவையும் குறைத்து அவர்கள் போட்டி போடட்டும். ஏழையின் கூலியில் போட்டி வேண்டாம்.

தொழிலாளர்களும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். பி.எப். பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லலாம். பக்கத்தில் வேலை செய்பவரின் சீட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. எங்கே, எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால்தான் நியாயம் கேட்க முடியும்.