சமநிலைக்கு ஆட்சியாளர் காவலா?

பல்கலைக்கழகங்களில் சித்தாந்தச் சமநிலையை அரசியல் நியமனங்களே காக்கும் என்ற வாதம் இலங்கையில் எடுபடாது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை நியமிப்பவர் ஜனாதிபதி. பேரவைகளின் வெளி உறுப்பினர்களை நியமிப்பது அந்த ஆணைக்குழு. பேரவை பரிந்துரைக்கும் மூவரில் ஒருவரைத் துணைவேந்தராக்குபவரும் ஜனாதிபதியே. பிடி ஏற்கெனவே அரசின் கையில்தான். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலும் அரசு எடுத்த முடிவு. விரிவுரையாளர்களின் சித்தாந்தம் கொண்டுவந்ததல்ல.

வட்டகொடைத் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைக்கு இந்தப் பிடியால் என்ன கிடைத்தது? பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா மாவட்ட ஒதுக்கீடு தோட்டத்தையும் நகரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடும் கொழுந்துத் தொழிலாளியின் மகளும், நகரத்தில் டியூஷன் படித்தவரும் ஒரே வெட்டுப்புள்ளியில் நிற்கிறார்கள். அநீதி அங்கேதான். அதற்கு மருந்து, ஆளுங்கட்சிக்கு மேலும் ஒரு நாற்காலி அல்ல. தோட்டப் பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள்.