இரவல் சங்கீதம்

காங்கேசன்துறை வீதியில் கொக்குவிற் சந்தியைக் கடந்து செல்லும் வாகனம் காராயினும் வானாயினும் ஓட்டோவாயினும், அதனுள் ஏதோவொரு பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது. அப்பாட்டு வானொலி நிலையத்திலிருந்து வருவதன்று. ஒலிநாடாவிலிருந்தோ இறுவட்டிலிருந்தோ வருவதுமன்று. எங்கோ தூரதேசத்துக் கணினிக் களஞ்சியத்திலிருந்து சாரதியின் கைத்தொலைபேசி அதனைக் கணந்தோறும் இழுத்தெடுத்து, புளூடூத் வழியே காரின் ஒலிபெருக்கிக்கு ஊட்டுகிறது. புளூடூத் வசதியற்ற பழைய காருக்கும் வழி கண்டுவிட்டனர். சிகரெட் பற்றவைப்பதற்கென அமைந்த துளையிற் செருகும் சிறு கருவியொன்று, தொலைபேசியின் பாட்டை வாங்கி, பண்பலை வரிசையில் எந்த நிலையமும் இல்லாத ஓரிடத்திற் சில அடி தூரத்துக்கு ஒலிபரப்புகிறது. காரின் வானொலி அதனைப் பிடித்துப் பாடுகிறது. உலகத்தின் குரலைக் கேட்பதற்கென மனிதன் கண்ட வானொலி, இன்று தன் எசமானின் சட்டைப்பையை மட்டுமே கேட்கிறது! நமது காலத்துக்கு இதனினும் பொருத்தமான உவமை வேறு வேண்டுமா?

“இதிலென்ன குறை? பாட்டுக் கேட்பதிலுமா அரசியல்?” என்று கேட்போர் உளர். ஒரு பாட்டைக் கேட்பதற்காக வானொலிக்குத் தபாலட்டை எழுதிவிட்டு நம் பெற்றோர் வாரக்கணக்கிற் காத்திருந்தனர்; இன்றோ கோடிக்கணக்கான பாடல்கள் ஏழையின் விரல்நுனியிலும் நிற்கின்றன; இதுவன்றோ சனநாயகம் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. சபாக்களின் வாயிற்படியை மிதிக்க முடியாதவனும் இன்று மாபெரும் வித்துவான்களின் இசையைக் கேட்கிறான். இது சிறிய வெற்றியன்று.

மறுபுறத்தே பழமைவாதிகள் ஒப்பாரி வைக்கின்றனர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த இணுவில் அயலிலேயே இருக்க, இளைஞர் காருக்குள் கண்ட கண்ட பாட்டைக் கேட்டுக் கெட்டழிவதாக அவர்கள் கண்ணீர் வடிக்கின்றனர். இக்கண்ணீரையும் நாம் நம்புவதற்கில்லை. தவிலைத் தெய்வத்தின் சந்நிதியில் ஏற்றிவைத்துவிட்டு, தவில் வாசித்தவனைச் சாதியின் பெயரால் ஒதுக்கிவைத்த சமுதாயம் இது. அந்தக் காலம் திரும்ப வேண்டுமென நாம் ஒருபோதும் கேளோம்.

எனவே நமது வழக்கு கருவியின் மீதன்று. நாம் கேட்பன மூன்றே கேள்விகள். பாட்டைத் தெரிவு செய்வது யார்? பாடியவனுக்குரிய கூலி யாரிடம் போய்ச் சேருகிறது? நாளைக்கு அப்பாட்டு யாருடைய கையில் இருக்கும்?

கூட்டாகக் கேட்டல் கொக்குவிலுக்குப் புதிதன்று. சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் புகையிலையைச் சுற்றியவாறே கேட்டிருந்ததை மூத்தோர் சொல்வர். 1865இல் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டாலைகளிலும் இவ்வழக்கம் வேரூன்றியது. அங்கே வாசிப்போனுக்குக் கூலி கொடுத்தோர் தொழிலாளரே. எதனை வாசிப்பதெனத் தீர்மானித்தோரும் அவர்களே. மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதனைத் தடைசெய்தது. கியூபத் தொழிலாளர் குடியேறிய அமெரிக்காவின் தம்பா நகரிலோ, 1931இல் ஆலை முதலாளிகள் வாசிப்போரை வெளியேற்றிவிட்டு வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தனர். செய்தியும் சிந்தனையும் போக, பொழுதுபோக்கு வந்து அமர்ந்தது. தொழிலாளியின் செவிக்கு எது செல்ல வேண்டும் என்பது என்றைக்குமே அரசியலாகத்தான் இருந்திருக்கிறது.

முதலாவது கேள்விக்கு வருவோம். 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டை ஏறக்குறைய முற்றாக விலக்கினார். மக்கள் என்ன செய்தனர்? கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1957 அக்டோபரில் விவித பாரதி என்னும் புதிய சேவையைத் தொடங்கித் திரைப்பாட்டுக்குக் கதவு திறக்க வேண்டிய நிலை இந்திய அரசுக்கு வந்தது. தவறு செய்தவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு முகவரி இருந்தது. அவரோடு சண்டை பிடிக்கவும் முடிந்தது. இன்று அடுத்த பாட்டைத் தெரிவு செய்வது அல்கோரிதம் எனப்படும் கணக்குச் சூத்திரம். நேற்று நீ கேட்டதைப் போன்றதையே இன்றும் உனக்குத் தருகிறது. ஊரெல்லாம் கேட்பதையே உன்னையும் கேட்கச் செய்கிறது. “எங்களூர்க் காத்தவராயன் கூத்துப் பாட்டு ஏன் வருவதில்லை?” என்று எந்த அமைச்சருக்கு எழுதுவது? அரச வானொலியும் தூய்மையானதன்று. ஆள்வோரின் வாயாக அது இருந்ததை ஈழத்தமிழர் நன்கறிவர். ஆயினும் நம் நாட்டுக் கவிஞரும் இசைஞரும் ஆக்கிய மெல்லிசைப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து வீடுதோறும் சேர்த்ததும் அதே வானொலிதான். பொதுச்சொத்தாக இருந்தமையால் அதனிடம் உரிமையோடு கேட்க முடிந்தது.

இரண்டாவது, கூலி. 2021இல் இலங்கைக்குள் வந்த ஸ்பொட்டிபை நிறுவனத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். கொக்குவிலில் ஒருவர் மாதச் சந்தா கட்டிவிட்டு, மாதம் முழுவதும் ஒரேயொரு நாதஸ்வரக் கலைஞரை மட்டுமே கேட்டாரென வைத்துக்கொள்வோம். அவர் கட்டிய பணம் அக்கலைஞருக்குப் போகும் என்றுதானே நாம் எண்ணுவோம்? அவ்வாறன்று. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பின்னர், எல்லோருடைய பணமும் ஒரே குவியலாகச் சேர்க்கப்பட்டு, மொத்தத்தில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஒலித்ததோ அந்த விகிதத்திற் பங்கிடப்படுகிறது. கொக்குவிலாரின் பணம் பெரும்பாலும் உலகப் பெருநட்சத்திரங்களையும் அவர்களை ஆட்டுவிக்கும் பெரிய இசைக் கம்பனிகளையுமே சென்றடைகிறது. 2024 முதல் இன்னொரு விதியும் வந்துள்ளது: பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவைக்குக் குறைவாக ஒலித்த ஒலிப்பதிவுக்கு ஒரு சதமும் இல்லை; அதற்குரிய சிறுதொகையும் ஏனையவற்றுக்குப் பகிரப்படும். இல்லாதவனிடமிருந்து எடுத்து உள்ளவனுக்குக் கொடுக்கும் இந்தத் தருமத்துக்கு என்ன பெயர்?

இவ்வாறு திரண்ட செல்வம் எங்கே செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்நிறுவனத்தை நிறுவிய டானியல் ஏக், 2021இல் தமது முதலீட்டு நிறுவனத்தின் வழியே, போர்க்களத்துக்கான செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆக்கும் ஹெல்சிங் கம்பனியில் 10 கோடி யூரோவை இட்டார். 2025இல் மேலைநாட்டு இசைக்குழுக்கள் சில இதனைக் கண்டித்துத் தம் பாடல்களை மீட்டுக்கொண்டன. விமான இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய மக்களின் பிள்ளைகளாகிய நாம் இதனை அறிந்தும் மௌனமாகத் தாளம் போடலாமா?

மூன்றாவது, உடைமை. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் அற்றது, மின்கலங்கள் தடைப்பொருளாயின. மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலியையும் ஒலிநாடாவையும் இயக்கினர். ஒருவர் சுழற்றப் பலர் கூடிக் கேட்டனர். அக்கொடிய காலத்தை எவரும் ஏக்கத்தோடு நினைக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று ஒலிநாடா கேட்டவனின் உடைமை. அதைத் தடுக்க முடிந்தவன் எவனுமில்லை. இன்றோ சந்தா நின்றால் பாட்டு நிற்கும்; கம்பனிகளுக்கிடையிலான ஒப்பந்தம் முறிந்தால் பாட்டே மறையும். யூடியூப்பில் இலவசமாகக் கேட்பவர் திரையை அணைத்தாலே பாட்டு நின்றுவிடுகிறது. திரை அணைந்த பின்னும் பாட வேண்டுமெனில் அதற்கும் பணம். 1981இல் தன் நூலகம் எரிவதைக் கண்ட மண், தன் இசையின் நினைவைப் பிறர் வீட்டுப் பெட்டகத்தில் இரவலாக விட்டுவைப்பது அறிவுடைமையாகுமா?

செய்யத்தக்கது என்ன? இதே இணையத்தைக் கொண்டு, 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் தன்னார்வலர் தொகுத்து, எவரும் விலையின்றி வாசிக்க வைத்துள்ளனர். ஒலி, ஒளி ஆவணங்களையும் அம்முயற்சி சேர்க்கிறது. கருவி பகையன்று, உடைமைதான் கேள்வி என்பதற்கு இதனிலும் சான்று வேண்டியதில்லை. ஆசிரியத் தோழர்களே! உங்கள் பாடசாலை அயலிலுள்ள அண்ணாவியாரையும் தவிற் கலைஞரையும் கிராமியப் பாடகரையும், அவர்தம் சம்மதத்தோடும் உரிய சன்மானத்தோடும், மாணவரைக் கொண்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். மக்கள் பணத்தில் ஆக்கிய மெல்லிசைக் களஞ்சியத்தை மக்களுக்குத் திறந்துவிடுமாறு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தை உரத்துக் கேளுங்கள். சீவல் தொழிலாளர் தம் கள்ளை விற்கக் கூட்டுறவுச் சங்கம் கண்ட குடாநாட்டில், பாடுவோர் தம் பாட்டை விற்கக் கூட்டுறவு காண்பது மட்டும் முடியாத காரியமா?

அவ்வாறான களஞ்சியம் ஒன்று உருவாகுமாயின், அதன் பாட்டும் இதே தொலைபேசி வழியாகத்தான், இதே கார்களுக்குள்தான் ஒலிக்கப் போகிறது. அதனைக் கேட்பவன் கொடுக்கும் காசு மட்டும், பாடியவன் வீட்டு அடுப்பை எரியச் செய்யும்.