பாடிக்கு ஓர் ஆள் வேண்டும்

கூடலூரிலிருந்து பந்தலூருக்குப் போகிறவர்கள் தேவாலாவைத் தாண்டும்போது சாலையின் இருபுறமும் தேயிலையைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தேயிலைக்கு அடியில் பொன் புதைந்து கிடக்கிறது என்று நம்பி, 1880-ஆம் வருஷத்தை ஒட்டி லண்டன் மாநகரில் டசன் கணக்கில் கம்பெனிகள் கிளம்பிப் பங்கு விற்றதும், கப்பலில் வந்த யந்திரங்கள் இந்த மழைக்காட்டுக்குள் மலையேறியதும், சில வருஷங்களுக்குள் அத்தனையும் அடங்கிப் போனதும் இன்று யாருக்கும் நினைவில் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரௌ ஸ்மித் என்ற நிபுணரின் அறிக்கை அந்தப் பொன் ஜுரத்துக்குத் தூபம் போட்டது. ஓடை மணலை அலசிப் பொன்துகள் சேர்க்கும் வழக்கம் இங்கிருந்த ஆதிவாசிகளுக்கு நெடுநாளாக உண்டு. எந்த ஓடையில் எவ்வளவு சொற்பமாகக் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு லண்டன் பங்குச் சந்தையில் விலை இருக்கவில்லை.

இந்தப் பழங்கதையை இன்று நாம் கிளறுவதற்குக் காரணம் உண்டு. அதே மலைக்கு இப்போது வேறு யந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2011-இல் மத்திய அரசு அங்கீகரித்து, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தின்படி ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் கண்ணாடி இழைக் கம்பி வர வேண்டும். 2023 நவம்பர் 15-ஆம் தேதி 24,104 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தின் பதினொரு அம்சங்களில் செல்போன் டவர் ஒன்று. தமிழ்நாட்டில் அத்திட்டத்துக்கு உரியவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு சமூகத்தார். அந்த ஆறு சமூகத்தாரும் வாழும் மலை நீலகிரி. இம்மலையின் பணியரும் காட்டுநாயக்கரும் பெரும்பாலும் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களின் குடிமக்கள். கம்பியும் டவரும் வரட்டும். வேண்டாமென்று சொல்லுகிறவர் இந்த மலையில் ஒருவரும் இல்லை. ஆனால், டவருக்குப் பணம் ஒதுக்கும் கையே அந்த டவரின் பயனை ஒவ்வொரு பாடிக்கும், அதாவது ஒவ்வொரு ஆதிவாசிக் குடியிருப்புக்கும், கொண்டு சேர்க்கிற மனிதனுக்கும் ஒதுக்க வேண்டும். அந்த மனிதன் அந்தப் பாடியிலேயே பிறந்தவனாகவோ பிறந்தவளாகவோ இருக்க வேண்டும். அவரைத் தேர்ந்தெடுக்கிற, பழக்குகிற, கணக்குக் கேட்கிற பொறுப்பு இவ்வூரிலேயே வேரூன்றிய ஸ்தாபனங்களிடம் இருக்க வேண்டும் என்பது நம் கட்சி.

அரசாங்கத்தின் காரியங்கள் யாவும் இப்போது கைபேசியின் வழியாகவே நடக்கின்றன என்பது பட்டணத்து வாசகர்களுக்குச் சௌகரியமாகத் தோன்றலாம். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டையில் ஒரு பெயர்த் திருத்தம், எதை எடுத்தாலும் இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும், போனால் ஓ.டி.பி. எண் வரும், அந்த எண் வருகிற செல்போன் அந்நேரம் மகனுடைய சட்டைப்பையில், மகனோ வயநாட்டில் மிளகு பறிக்கிற இடத்தில். நாற்பது வருஷம் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலின் ரேகையைப் படிக்க மாட்டாமல் ரேஷன் கடை யந்திரம் திணறும்போது, குற்றம் விரலுடையது என்பதுபோல எல்லாரும் கிழவியின் கையையே பார்க்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாளைக்கு இருமுறை கைபேசியில் படமெடுத்து வருகை பதிய வேண்டுமென்று விதி செய்தபோது, சிக்னல் கிடைக்காத பள்ளத்தில் மண் வெட்டுகிறவன் என்ன செய்வான் என்று விதி செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவம் இறங்கிவிட்டால் தேவாலாவிலும் சேரம்பாடியிலும் மரம் விழுவதும் மின்சாரம் போவதும் செய்தியே அல்ல. 1969-ஆம் வருஷத்து ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் உரிமை தீராமல் சிக்கிய நிலங்களில் குடியிருப்பவர்களுக்கோ, மின் இணைப்பே ஒரு நெடுங்கால வழக்கு. விளக்கு எரியாத வீட்டில் கைபேசி மட்டும் எப்படி உயிரோடு இருக்கும்?

இதற்கெல்லாம் மேலாக வரைபடத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசப்படாததால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்க, காடும் எஸ்டேட்டும் சேர்ந்து 2,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நீலகிரிக்கு வந்திருப்பவை வெறும் 35. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஊராட்சி அலுவலகம் வரையில் கம்பி வந்தால் அது ஊருக்கு வந்ததாகச் சொல்லிவிடலாம். இங்கே அலுவலகத்திலிருந்து கடைசிப் பாடிக்கு யானைத் தடத்தையும் ஓடையையும் கடந்து போக வேண்டியிருக்கிறது. அதாவது ஊராட்சி ஒன்றுக்கு ஓர் இணைப்பு என்ற சமத்துவக் கணக்கில் மலை தோற்றுப் போகிறது. அதைவிட விசித்திரம், ஓவேலியும் தேவர்சோலையும் பேரூராட்சிகள், நெல்லியாளமோ நகராட்சி. தேயிலைத் தோட்டமும், இலங்கையிலிருந்து சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்கீழ் வந்தவர்கள் வாழும் லைன் வீடுகளும், ஆதிவாசிப் பாடிகளும், நடுநடுவே காடுமாக இருக்கிற இந்த இடங்களை எந்தக் கண் கொண்டு பார்த்தாலும் நகரமாகத் தெரிவதில்லை. ஆனாலும் காகிதத்தில் நகரமானபடியால், கிராம ஊராட்சிகளுக்கென்று வகுத்த கண்ணாடி இழைத் திட்டம் இவற்றின் எல்லையில் வந்து நின்றுவிடுகிறது. கிராமமென்று சலுகை கேட்டால் நகரம் என்கிறார்கள். நகரமென்று வசதி கேட்டால் காடு என்கிறார்கள்.

கூடலூரின் மேற்கு வாசலான நாடுகாணியில் நின்று கீழே பார்த்தால் தெரிவது நிலம்பூர், மலப்புறம் ஜில்லா. அங்கே 2002 நவம்பரில், அப்போதைய ஜனாதிபதி அப்துல் கலாம் தொடங்கிவைத்த அட்சயா என்ற இயக்கம், குடும்பத்துக்கு ஒருவரையாவது கம்ப்யூட்டரைத் தொடப் பழக்கிவிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டது. ஏறக்குறைய ஆயிரம் குடும்பங்களுக்கு ஒரு நிலையம். நிலையத்தை நடத்துகிறவர் அந்த ஊரிலேயே கடன் வாங்கி முதல் போட்டவர். படிப்புக் கட்டணத்தின் பெரும்பகுதியை ஏற்றது உள்ளூர்ப் பஞ்சாயத்து. சம்ரவட்டம் என்ற கிராமம் இந்தியாவிலேயே முதலாவது கணினி எழுத்தறிவுக் கிராமம் என்று பெயரெடுத்தது. அப்புறம் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சிக்கென்று வந்த பணம் நின்றதும் பல நிலையங்கள் கதவை மூடின. கட்டண வசூல், விண்ணப்பம், அரசாங்கச் சேவை என்று ஜனங்களுக்கு அன்றாடம் தேவைப்படும் வேலைகளைப் பிடித்துக்கொண்டவை பிழைத்தன. இன்று கேரளத்தில் அட்சயா என்றால் விளக்கம் தேவையில்லை. பஞ்சாயத்து தோள் கொடுத்ததும், நடத்துகிறவர் ஊர்க்காரராக இருந்ததுமே அது நிலைத்ததற்கு முக்கியமான காரணங்கள் என்பது நம் துணிபு.

நம் பக்கத்து அனுபவத்தையும் பார்க்கலாம். 2001-இல் மதுரை ஜில்லா மேலூர்ப் பகுதியில் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கிராமந்தோறும் இணையச் சாவடிகள் எழுந்தன. அங்கிருந்தபடியே அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைக் காட்டி ஆலோசனை கேட்க முடிந்தது. ஹார்வர்டு போன்ற உலகப் புகழ்பெற்ற சர்வகலாசாலைகள் கூட்டாளிகளாக இருந்தன. ஆயினும் சில வருஷங்களில் அவற்றுள் பெரும்பாலானவை அற்றுப் போயின. ஆர்வமுள்ள அதிகாரி மாற்றலாகிப் போனதும் சாவடி வழியே சான்றிதழ் வருவது நின்றது. யந்திரம் பழுதானால் பார்ப்பதற்கு ஆளில்லை. ஹார்வர்டு கூட்டு இருந்து என்ன, தாலுகா ஆபீஸ் கூட்டு இல்லையே!

புதுச்சேரியிலே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அமைத்த கிராம அறிவு மையங்களின் பாடம் வேறுவிதமானது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, மையத்துக்கு வந்து திரையைப் படிக்கும்படி ஜனங்களைக் கட்டாயப்படுத்தாமல், ஒலிபெருக்கியில் தமிழில் கடற்கரை முழுவதும் கேட்கும்படி வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலையைப் பார்த்துப் பதறி ஊருக்குப் பேச, அந்த ஊர் மையத்தின் ஒலிபெருக்கி அலறி, ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். அன்றைக்கு உயிர் காத்த கருவி எதுவென்று கேட்டால் தொலைபேசி, ஒலிபெருக்கி என்று சொல்லலாம். அவ்விரண்டுக்கும் நடுவில், கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுவது, பூட்டை உடைத்தாவது எந்த ஒலிபெருக்கியைப் போடுவது என்று ஊருக்குத் தெரிந்திருந்ததே, அதற்கு என்ன பெயர் சொல்வது?

நம் மலையை ஒத்த மலை வால்பாறை. அங்கே யானைகள் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் நிற்கின்றன என்பதை இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய தோழர்களும் வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் கூடி முதலில் கேபிள் டிவியிலும், பின்னர் குறுஞ்செய்தியிலும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் அழைப்பிலும் அறிவித்தார்கள். மேட்டில் நிறுத்திய சிவப்பு விளக்குகளை அந்தந்த இடத்துத் தொழிலாளர்களே தங்கள் செல்போனால் ஏற்றி அணைக்கிறார்கள். உயிர்ச்சேதம் வெகுவாகக் குறைந்தது. 2015-இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. ஓவேலியில் அந்தி மயங்கிய பிறகு கடைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்த விளக்கின் அருமையை நாம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் உதாரணத்தைத் தேடி வால்பாறைக்கும் புதுச்சேரிக்கும் போனது ஒரு வகையில் அநாவசியம். கூடலூரிலேயே கைவசம் அனுபவம் இருக்கிறது. ஸ்டான் தெக்கேகராவும் மாரி தெக்கேகராவும் 1986-இல் தொடங்கிய அக்கார்டு என்ற ஸ்தாபனத்தின் துணையோடு ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் எழுந்தது. 1988-இல் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் இந்த ஊர்த் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். பிறகு அஸ்வினி என்ற அமைப்பு 1990-இல் ஆதிவாசி மருத்துவமனையைத் திறந்தபோது நர்ஸுகளுக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. கீழ்நாட்டிலிருந்து பட்டம் பெற்றவர்களை வரவழைக்கலாம். வந்தவர்கள் முதல் மழைக்காலத்திலேயே மூட்டை கட்டுவார்கள். ஆகவே, பள்ளிப்படிப்பு அதிகமில்லாத ஆதிவாசிப் பெண்களையே எடுத்து, பொறுமையாகப் பழக்கி, ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் தேர்ந்தவர்களாக்கினார்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் சுகாதாரப் பணியாளர்களும் அப்படியே உருவானார்கள். 1992-இல் ஆதிவாசிகளுக்கென்று மருத்துவக் காப்பீடும் ஏற்பட்டது. பணியர் மொழியில் வயிற்றுவலியைச் சொன்னால் புரிந்துகொள்கிற நர்ஸ் இருக்கிறாள் என்ற நம்பிக்கையினால்தான் பாடியிலிருந்து ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார்கள். வித்யோதயா பள்ளியில் ஆதிவாசிப் பெண்கள் ஆசிரியைகளானதும் இதே வழியில்தான். நர்ஸாகவும் ஆசிரியையாகவும் ஆக முடிந்தவர்களுக்கு ஒரு கைபேசியும் ஒரு விண்ணப்பப் படிவமும் எம்மாத்திரம்?

ஆகவே நாம் கேட்பது இது. பாடிக்கு ஒருவர், லைன் வீட்டு வரிசைக்கு ஒருவர் என்று அந்தந்த ஜனங்களே கூடி ஆள் தேர்ந்தெடுக்கட்டும். சங்கமும் மருத்துவமனையும் கூடலூர் அரசு கலைக் கல்லூரியும் சேர்ந்து அவர்களைப் பழக்கட்டும். மாதச் சம்பளத்தை உள்ளாட்சி கொடுக்கட்டும். தேர்வாகிறவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வேலை விண்ணப்பம் எழுதித் தருவதோடு முடிந்துவிடக்கூடாது. கைபேசி பழுது பார்ப்பது, சோலார் பலகையைத் துடைத்துப் பராமரிப்பது, யானைச் செய்தியைத் தாய்மொழியில் குரலாகச் சொல்லி அனுப்புவது, கடன் செயலிகளின் மோசடியில் விழாமல் எச்சரிப்பது, எல்லாம் அதில் அடங்கும். பச்சைத் தேயிலையின் விலைக்கு ஆதாரமான குன்னூர் மின்னணு ஏலத்தின் நிலவரத்தைச் சிறு விவசாயிக்கு வாசித்துக் காட்ட சாலிஸ்பரி இண்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையிலும் ஒருவர் உட்காரட்டும். ஜனங்களின் வியாதியையும் நிலத்தையும் பற்றிச் சேர்கிற குறிப்புகள் யாருடைய சொத்து என்பதை முதலிலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்வதும் அவசியம். இந்த மண்ணில் பத்திரம் எழுதத் தெரியாததால் நிலம் போனவர்களுக்கு அந்த அவசியம் நன்றாகத் தெரியும்.

தனியார் இ-சேவைக் கடைகள் போதாவா என்று கேட்பார்கள். பஜாரில் போதும். ஒரு நாள் கூலியை விட்டு, ஜீப்புக்கும் காசு கொடுத்துப் பஜாருக்கு வந்து, 'சர்வர் இல்லை, நாளைக்கு வா' என்ற பதிலோடு திரும்புகிறவளுக்குப் போதாது. பழகிய பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விடுவார்களே என்பது இன்னோர் ஆட்சேபம். சிலர் போவார்கள், போகட்டுமே, ஒரு பணியர் வீட்டுப் பிள்ளை தொழில் கற்று வெளியே போவதை நஷ்டக் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? ஒருவர் போனால் அடுத்தவரைப் பழக்கும் ஏற்பாடு இருந்தால் ஆயிற்று. ஸ்தாபனங்களிடம் அரசாங்கப் பணத்தைக் கொடுத்தால் கணக்கு என்னாகும் என்ற கவலை மட்டும் உண்மையிலேயே நியாயமானது. சென்னைக்கு அனுப்புகிற பயன்பாட்டுச் சான்றிதழால் அந்தக் கவலை தீராது. சம்பளம் வாங்கியவர் இந்த மாதம் எந்தெந்த வீட்டுக்குப் போனார் என்று பாடி ஜனங்கள் முகத்துக்கு நேரே கேட்கிற இடத்தில்தான் தீரும்.

அப்படிக் கேட்கிற இடம் ஏற்கெனவே இருக்கிறது. மசினகுடி, ஸ்ரீமதுரை போன்ற ஊராட்சிகளில் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் பகுதி சபைகளுக்கு 2022 முதல் விதி உண்டு. கம்பி அடுத்தபடியாக எந்தப் பாடிக்குப் போக வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள அங்கிருந்து யாரை அனுப்புகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளை அந்தச் சபைகளின் பொருள்நிரலில் சேர்க்கும்படி மாவட்ட ஆட்சியர் உத்தரவிடலாம். அந்த உத்தரவைத் தமிழில் ஒட்டுவதோடு நில்லாமல், பணியர் மொழியிலும் காட்டுநாயக்கர் மொழியிலும் பெட்டகுறும்பர் மொழியிலும் வாயால் சொல்ல ஆள் அனுப்ப வேண்டும். அந்த ஆள் வேண்டுமானால் ஆதிவாசி மருத்துவமனையில் கேட்கலாம், அங்கே இருக்கிறார்கள்.