போர் விமானமும் பொதுப் பணமும்

ஸ்ரீவராகம் குளக்கரையில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. வளைகுடா நாடுகளுக்குப் போகிற விமானங்களும் அங்கிருந்து வருகிற விமானங்களும் அவர்களுடைய பகலையும் இரவையும் பங்கு போட்டுக்கொண்டு வெகு காலமாகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஸ்ரீபத்மநாப சுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் வள்ளக்கடவு வழியாக ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. அதற்காகச் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தே நிறுத்தி வைக்கப்படுகிறது. இப்படிப்பட்ட விமான நிலையத்தில்தான் 2025 ஜூன் 14ஆம் தேதி இரவு அழையா விருந்தாளியாக வந்து இறங்கியது பிரிட்டிஷ் கடற்படையின் எப்-35பி போர் விமானம்.

'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய அந்த விமானம், மோசமான வானிலையால் கப்பலுக்குத் திரும்ப இயலாமல், எரிபொருளும் குறைந்த நிலையில் இங்கே இறங்க நேர்ந்தது. நமது விமானப்படை வேண்டிய உதவிகளைச் செய்தது. எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுநாள் போய்விடும் என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் ஹைட்ராலிக் அமைப்பில் பழுது கண்டது. கப்பலிலிருந்து வந்தவர்களால் அதைச் சரி செய்ய முடியவில்லை. காலவர்ஷ மழையில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் காவல் நிற்க, வெட்டவெளியில் நின்றது விமானம். ஜூலை 6ஆம் தேதி பிரிட்டனிலிருந்து ஒரு பொறியாளர் குழு தங்கள் கருவிகளையும் எடுத்துக்கொண்டு ராணுவச் சரக்கு விமானத்தில் வந்து சேர்ந்தது. அதன் பிறகே விமானம் கொட்டகைக்குள் இழுத்துச் செல்லப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டது. ஜூலை 22ஆம் தேதி அது ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை நோக்கிப் பறந்தது. ஆக மொத்தம் 38 நாள் வாசம்.

இதற்குள் ஊர் சிரித்து முடித்துவிட்டது. வந்தவர்களுக்குத் திரும்பிப் போக மனமே வராத நாடு கேரளம் என்ற பொருளில், தென்னை மரங்களுக்கு நடுவே அந்த விமானம் நிற்பது போன்ற விளம்பரம் ஒன்றைச் சுற்றுலாத் துறையே வெளியிட்டது. நிறுத்தி வைத்ததற்கு வாடகை நாளொன்றுக்குச் சுமார் 26 ஆயிரம் ரூபாய் என்று பத்திரிகைகளில் வந்ததும், சாலைக் கடைத்தெருவிலிருந்து மணக்காடு வரை டீக்கடைகளில் அதே பேச்சு. பத்துக் கோடி டாலருக்கு மேல் விலையுள்ள பொருளுக்கு இது ஒரு வாடகையா என்று கேட்டவர்களும் உண்டு.

சிரிப்பு இருக்கட்டும். உலகிலேயே மிக நவீனமானது என்று கொண்டாடப்படும் விமானம் பழுதுபட்டால், அதைச் சொந்தமாக வைத்திருக்கும் நாடே தனிக் குழுவையும் தனிக் கருவிகளையும் ஆயிரக்கணக்கான மைல் தாண்டிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. யானையை வாங்குவது ஒரு செலவு, அதைக் கட்டித் தீனி போடுவது வேறொரு செலவு. எப்-35 ரக விமானங்கள் அனைத்துக்கும் அவற்றின் ஆயுட்காலம் முழுவதும் ஆகக்கூடிய மொத்தச் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டும் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2024இல் கணக்கிட்டது. அதில் 1.58 லட்சம் கோடி டாலர் பராமரிப்புக்கும் இயக்கத்துக்கும் மட்டுமே. கடையில் சொல்லும் விலை கால் பங்கு, வீட்டுக்கு வந்த பிறகு பிடிக்கிற செலவு முக்கால் பங்கு.

இந்த விமானத்தை இந்தியாவுக்கும் தர வழி செய்வதாக 2025 பிப்ரவரியில் பிரதமர் மோடி வாஷிங்டன் சென்றிருந்தபோது அதிபர் டிரம்ப் அறிவித்தார். முறைப்படியான பேச்சு எதுவும் நடைபெறவில்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் நமது அரசு மக்களவைக்குத் தெரிவித்தது. தெரிவித்தவரை நல்லது. ஆனால் போர் விமான பேரங்களில் பாராளுமன்றத்துக்குத் தெரிவிக்கப்படுவது எவ்வளவு, மறைக்கப்படுவது எவ்வளவு என்பதுதான் பழைய வழக்கு.

ரபேல் விவகாரம் எவருக்கும் மறந்திருக்காது. 126 விமானங்கள் வாங்குவதற்கு 2007இல் டெண்டர் கோரப்பட்டது. ஆறு நிறுவனங்கள் போட்டியிட்டன. சோதனைகள் எல்லாம் முடிந்து, 2012 ஜனவரியில்தான் பிரெஞ்சு ரபேல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 18 விமானங்கள் பறக்கும் நிலையில் வரும், மீதி 108 பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் தயாராகும் என்று ஏற்பாடு. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் இந்த மாநிலத்தைச் சேர்ந்த ஏ.கே. அந்தோணி. கறைபடாத கரம் என்று பெயரெடுத்தவர். போபர்ஸ் பீரங்கி பேரம் ஓர் ஆட்சியையே பலி வாங்கியதைப் பார்த்தவர்கள், கையெழுத்துப் போடுமுன் நூறு முறை யோசித்ததில் வியப்பில்லை. யோசித்துக்கொண்டே இருந்ததுதான் குறை. 2014 பிப்ரவரியில், இந்த நிதியாண்டில் பணம் இல்லை என்று அவர் கூறிவிட்டார். அடுத்து வந்த ஆட்சி அந்த டெண்டரையே கைவிட்டது. 2015 ஏப்ரலில் பாரிஸ் நகரில் பிரதமர் 36 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தார். 2016 செப்டம்பர் 23ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மொத்தம் 787 கோடி யூரோ, அதாவது சுமார் 59 ஆயிரம் கோடி ரூபாய்.

ஒரு விமானம் என்ன விலை? இந்த எளிய கேள்விக்குத்தான் நாடு மூன்று ஆண்டுகள் அல்லாடியது. விமானம் ஒன்று சுமார் 670 கோடி ரூபாய் என்று 2016 நவம்பரில் அரசு பாராளுமன்றத்தில் கூறியது. மொத்தத் தொகையை 36ஆல் வகுத்தால் வருவதோ 1,600 கோடிக்கும் மேல். இரண்டும் பொய்யல்ல. முதலாவது வெறும் விமானத்தின் விலை. இரண்டாவதில் ஏவுகணைகள், உதிரி பாகங்கள், பயிற்சி, நம் நாட்டுக்கென்று செய்த மாறுதல்கள் எல்லாம் அடக்கம். இதை முதல் நாளே விளக்கிச் சொல்லியிருந்தால் பாதிக் கூச்சல் எழுந்திருக்காது. 2008இல் பிரான்சுடன் செய்துகொண்ட ரகசியக் காப்பு உடன்படிக்கையைக் காட்டி அரசு வாயை மூடிக்கொண்டது. எதிர்க்கட்சியினரோ தங்கள் காலத்து வெறும் விமான விலையை, ஆயுதங்களோடு கூடிய புதிய விலைக்குப் பக்கத்தில் வைத்துக்காட்டி ஊரெல்லாம் பேசினர். சுப்ரீம் கோர்ட் 2018 டிசம்பரிலும், மறு ஆய்வு மனுக்களின் மீது 2019 நவம்பரிலும் விசாரணை தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. தலைமைத் தணிக்கை அதிகாரி 2019 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, பழைய பேரத்தைவிட இது 2.86 சதவீதம் மலிவு என்றது. ஆனால் அந்த அறிக்கையிலேயே விலைகள் எல்லாம் மறைக்கப்பட்டிருந்தன. எவ்வளவு என்று சொல்லாமல், எத்தனை சதவீதம் மலிவு என்று மட்டும் சொல்லும் கணக்கை ஒரு மளிகைக் கடையில்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தாமதத்தின் விலை ரூபாயில் மட்டும் வருவதல்ல. 2012இல் அதே அந்தோணி பாராளுமன்றத்தில் தந்த பதில் ஒன்றை இன்று படித்தாலும் நெஞ்சு பதறும். அதுவரையிலான சுமார் 40 ஆண்டுகளில் மிக் ரக விமானங்கள் விபத்துக்குள்ளானது 482 முறை. மாண்ட விமானிகள் 171 பேர். தரையில் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பொதுமக்கள் 39 பேர். 1963இல் சேர்க்கப்பட்ட மிக்-21 விமானம், புதியவை வராத காரணத்தால் மேலும் மேலும் ஆயுள் நீட்டிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 26ஆம் தேதிதான் சண்டீகரில் ஓய்வு பெற்றது. அன்று விமானப்படையில் மிஞ்சியவை 29 ஸ்குவாட்ரன்கள். இருக்க வேண்டியவை 42. டெல்லியில் கோப்பு நகராமல் கிடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும், பழைய விமானத்தில் ஏறி அமர்ந்த இளைஞன் ஒருவனே ஜாமீன் நின்றிருக்கிறான்.

ஆகவே, விமானமே வேண்டாம், அந்தப் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடு என்ற வாதமும் முழு உண்மையாகாது. தமிழ்நாட்டில் 2023இல் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்துக்கு 17 லட்சம் குழந்தைகளுக்கென அப்போது மதிப்பிடப்பட்ட செலவு ஆண்டுக்கு 404 கோடி ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு ரபேல் நான்கு வருஷக் காலை உணவு. கேட்கும்போது மனம் கசங்கத்தான் செய்கிறது. ஆனாலும் சூலூரிலும் தஞ்சாவூரிலும் போர் விமானங்களை நிறுத்தி வைத்திருப்பது அந்தக் குழந்தைகளையும் சேர்த்துக் காக்கத்தான். செலவு செய்யலாமா என்பதைவிட, செய்யும் செலவுக்குக் கணக்கு உண்டா என்ற கேள்வியே மாதச் சம்பளத்தில் வரிப் பிடித்தம் கொடுக்கும் குமாஸ்தாவுக்கும், சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி கட்டும் சுமைத் தொழிலாளிக்கும் உரியது. 2025-26ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி, ஓய்வூதியத்துக்கு 1.60 லட்சம் கோடி. அந்தக் குறுகிய இடத்துக்குள்தான் தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் முண்டியடிக்கின்றன.

இதற்கிடையில் 2025 ஏப்ரல் 28ஆம் தேதி கடற்படைக்காக மேலும் 26 ரபேல் விமானங்கள் சுமார் 63 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்யப்பட்டன. செப்டம்பர் 25ஆம் தேதி 97 தேஜஸ் விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் முன்னது ஒன்றுக்கு 2,400 கோடி, பின்னது 640 கோடி. முன்பு சொன்னபடியே, ஆயுதமும் உதிரி பாகமும் எதில் எவ்வளவு என்று தெரியாமல் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது. இருந்தாலும் ஒன்றில் பணம் பெரும்பாலும் வெளியே போகிறது, மற்றதில் பெரும் பகுதி பெங்களூரிலும் நாசிக்கிலும் தொழிலாளர் கூலியாக உள்ளேயே தங்குகிறது. இந்த வித்தியாசம் சிறிதல்ல.

சொந்தமாகச் செய்யும் ஆசை நமக்குப் புதிதுமல்ல. 1971இல் இந்தத் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்தே மக்களவைக்குச் சென்ற வி.கே. கிருஷ்ண மேனன், பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் வடிவமைத்த 'மாருத்' விமானம் 1961 ஜூன் 17ஆம் தேதி பெங்களூரில் பறந்தது. 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் எல்லையில் அது நன்றாகவே பணியாற்றியது. ஆனால் அதற்கு ஏற்ற வலிமையான எஞ்சின் கடைசி வரை அமையவில்லை. 147 விமானங்களோடு கதை முடிந்தது. பிறகு, தமிழரான ஆர். வெங்கட்ராமன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1983இல் இலகுரகப் போர் விமானத் திட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய தேஜஸ். முதலில் பறந்தது 2001 ஜனவரியில். முதல் ஸ்குவாட்ரன் அமைந்தது 2016இல். 33 வருஷம்! திட்டம் தொடங்கியபோது பிறந்த குழந்தை, விமானம் படையில் சேரும்போது குடும்பஸ்தனாகியிருப்பான். அதற்கென்று உருவாக்க முனைந்த எஞ்சினுக்குக் காவிரி என்று பெயர் வைத்தார்கள். பெயரின் ராசியோ என்னவோ, உரிய காலத்தில் அதுவும் வந்து சேரவில்லை. 2008இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். எஞ்சின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்துதான் வர வேண்டும் என்றாயிற்று. 2021இல் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. 83 விமானங்களுக்கான ஒப்பந்தத்தில் 2024 மார்ச்சில் முதல் விமானம் என்ற தேதியும் தவறியது. விமானப்படைத் தளபதியே 2025இல் வெளிப்படையாகக் குறைப்பட்டுக் கொள்ளும் அளவுக்கு நிலைமை வந்தது.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1955இல் சுவிஸ் நாட்டார் உதவியோடுதான் அதுவும் ஆரம்பமாயிற்று. வருஷம் தவறாமல் ஆர்டர் கிடைத்தது, செய்து செய்து கை தேர்ந்தது. வந்தே பாரத் ரயிலையும் அங்கேயே செய்து காட்டினார்கள். போர் விமானம் ரயில் பெட்டியல்ல என்பது வாஸ்தவம். என்றாலும் 40 விமானம் இன்று, பல வருஷம் கழித்து 83 என்று விட்டு விட்டு ஆர்டர் கொடுத்தால் எந்தப் பட்டறையும் தேறாது.

மேலும் 114 போர் விமானங்கள் வேண்டும் என்று விமானப்படை பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அந்தப் பேரம் முன்னைய பேரங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருக்கும். ஏவுகணையின் தூரத்தையும் ராடாரின் திறனையும் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், எவரும் கேட்கப் போவதில்லை. ஆனால் 40 ஆண்டுகளுக்குப் பராமரிப்புச் செலவு என்ன, பழுது பார்க்கும் உரிமை யாருக்கு, உதிரி பாகம் எங்கிருந்து, தேதி தவறினால் அபராதம் எவ்வளவு என்ற நான்கு விவரங்களைக் கையெழுத்துக்கு முன்பே பாராளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு முன் வைப்பதில் எந்த எதிரிக்கும் லாபமில்லை. தேஜஸ் விமானங்களில் 97இன் முதல் தவணை 2027-28இல் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தத் தேதி தவறினால் பெங்களூரிலிருந்து எஞ்சினைக் காரணம் காட்டி ஓர் அறிக்கை வருவதற்குப் பதிலாக, எவ்வளவு அபராதம் வசூலானது என்று டெல்லியிலிருந்து ஓர் அறிக்கை வரட்டும்.