முதலில் நம் வரப்பை எடுப்போம், பிறகு மைக்கைப் பிடிப்போம்!



இந்த நோட்டீசில் அதிகாரிகளைத் திட்டப் போவதில்லை. அது பல வருஷமாகத் திட்டியாச்சு. இந்தத் தடவை நம்மையே நாலு கேள்வி கேட்கப் போகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் நடந்தது உறுவையாற்றில் எல்லோருக்கும் தெரியும். வடிகால் வாய்க்கால் அடைத்து, நட்ட பயிர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. சங்கத்தின் சார்பில் பத்துப் பேர் மனு எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் தொண்டை கிழியக் கோஷம் போட்டோம். உள்ளே இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வாய்க்காலை மடக்கி வைத்திருப்பது யார்? பெயரைச் சொல்லுங்கள், அளந்து எடுக்கச் சொல்கிறேன்."

பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டோம். ஏன்? மடக்கியவர்களில் ஒருவர் எங்கள் நிர்வாகக் குழுவிலேயே இருந்தார். இன்னொருவர் சம்பந்தி முறை. வேறொருவர் ஊர்த் திருவிழாவுக்குத் தாராளமாகப் பணம் தருகிறவர். மனுவைக் கொடுத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு ஊர் திரும்பினோம்.

அடுத்த கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்தார். அரைக் காணிகூட இல்லாதவர். "அண்ணே, உங்க வரப்பு வாய்க்காலுக்குள்ள ரெண்டடி வந்திருக்குது. மொதல்ல அத எடுங்க. அப்புறமா மனு எழுதலாம்" என்று அந்த நிர்வாகியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவர் நிலத்துக்குத்தான் இந்த அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறார். நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களா என்ற பயம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. இருந்தும் சொன்னார். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மேடையில்தான் உட்கார்ந்திருந்தோம். அன்று தலைமை தாங்கியது கீழே பாயில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா!

அந்த நிர்வாகியையும் குறை சொல்ல மாட்டோம். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் விடியற்காலையில் தானே மண்வெட்டியோடு வந்து வரப்பை வெட்டி எடுத்தார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். எடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இப்போது அவர்களிடம் போய்க் கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

தைரியம் என்பது இதுதான். போலீஸ் வேனுக்கு முன்னால் படுப்பது மட்டும் தைரியம் இல்லை. சொந்தக்காரனிடம் "நீ செய்தது தப்பு" என்று சொல்வதும், தன் தப்பைப் பலர் முன்னால் திருத்திக்கொள்வதும் அதைவிடக் கஷ்டம்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தியது. ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்றே தனிக் குழு வைத்திருந்தார்கள். குடவோலையில் பெயர் எழுதிப் போட்டு ஆளை எடுத்தார்கள். பதவி 360 நாள் மட்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக்கூடாது! பிறர் பொருளை அபகரித்தவனுக்கும் இடமில்லை.

அந்தச் சபையில் பெண்களுக்கும் நிலமில்லாத உழைப்பாளிக்கும் இடம் தரவில்லை. அந்த அநியாயம் நமக்கு வேண்டாம். ஆனால் கணக்குக் காட்டாதவனைக் கிட்டே சேர்க்காத அந்தக் கண்டிப்பு நமக்கு வேண்டும்.

நம் புதுவையின் கதை என்ன? 1968க்குப் பிறகு 38 வருஷம் கழித்து, 2006ல்தான் கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் தேர்தலே இல்லாமல் அதிகாரிகள் கையில் நிர்வாகம் ஓடியது. தேர்தல் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் வார்டு மெம்பர் வரும்வரை வாய்க்கால் காத்திருக்குமா? மழைதான் காத்திருக்குமா? மெம்பர் இல்லாத ஊரில் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் பொறுப்பெடுத்தே ஆக வேண்டும்.

"நமக்கு எதுக்கு வம்பு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1936 ஜூலை 30 அன்று இதே புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டமானது. வ.சுப்பையா போன்ற தலைவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் தலைவர் ஒருவரால் ஆலை நிற்காது. ஒவ்வொரு தறியிலும் நின்ற ஆள் கையை எடுத்ததால்தான் நின்றது. உயிரைக் கொடுத்தவர்கள் இருந்த மண் இது. நம்மிடம் கேட்பது உயிர் இல்லை. ரெண்டடி வரப்பும் ஒரு நோட்டுக் கணக்கும்தான்.

ஆகவே சங்கம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கட்டளைகள்:

1. நிர்வாகிகள் முதலில் தங்கள் வரப்பை ஊரார் முன்னால் அளந்து காட்ட வேண்டும். வாய்க்காலில் நீட்டியிருந்தால் எடுத்த பிறகே பதவியில் தொடரலாம்.

2. சந்தா வரவு, செலவு, டீச் செலவு உட்பட ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தம் போட்டுப் படிக்கப்படும்.

3. அலுவலகத்துக்கு மனு கொண்டுபோகும் குழுவில் பெண்களும் விவசாயக் கூலிகளும் கட்டாயம் இருப்பார்கள்.

4. கேள்வி கேட்டதற்காக யாருக்காவது வேலை மறுத்தால், சங்கம் அவர் பக்கம் நிற்கும்.

விவசாயிகளே! வரும் அமாவாசை அன்று மாலை கோயில் திடலில் கூடுவோம். வரும்போது மனு வேண்டாம், மண்வெட்டி கொண்டு வாருங்கள். செயலாளரின் வரப்பில் இருந்தே அளவு தொடங்கும்.

கணக்குக் கேட்போம்! கணக்குக் காட்டுவோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
விவசாயிகள் சங்கம், உறுவையாறு