நான்கு த்ராட்டில்களும் ஒரு மலைச்சாலையும்: மேம்பாடு என்பது பாகமா, அளவீடா?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு செல்லும் சாலை ஒரே நாளில் இரு மாநிலங்களையும் இரு வேறு வளிமண்டலங்களையும் கடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் தொடங்கும் அப்பயணம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் முடிகிறது. எஞ்சினை மாற்றியமைத்துத் திறன் கூட்டும் ஆர்வம் இன்று இந்தச் சாலையின் இரு முனைகளிலும் வலுவாக உள்ளது. பழைய ஹோண்டா சிட்டி விடெக், மாருதி எஸ்டீம், பலேனோ போன்ற கார்களை ஸ்போர்ட்ஸ் காராக்க விரும்பும் இளைஞர்களுக்குக் கோயம்புத்தூரின் பட்டறைகள் தொலைவில் இல்லை. அவர்களுடைய விருப்பப் பட்டியலின் உச்சியில் இருப்பவற்றுள் ஒன்று, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பாடி பொருத்துவது.

ஆர்வலர்கள் இதனை மேம்பாடு என்கின்றனர்; சட்டம் இதனைக் குற்றம் என்கிறது; பொறியியல் கல்விக்கூடங்களோ பெரும்பாலும் இதனைப் பேசுபொருளாகவே கருதுவதில்லை. இம்மூன்று நிலைப்பாடுகளும் ஒரே கேள்வியைத் தவறவிடுகின்றன. பாகம் மாறிய பின் அந்த எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றை அளப்பது எது என்பதே அக்கேள்வி.

முதலில் இயக்கத்தைப் பார்க்கலாம். வழக்கமான பெட்ரோல் எஞ்சினில் ஒரே ஒரு த்ராட்டில் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அதனுள் இருக்கும் வட்டத் தகடு திறந்து, காற்று ஒரு பொது அறைக்குள் நுழையும். அங்கிருந்து கிளைக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரியும். வாய்க்கால் தலைப்பில் ஒரே மதகை வைத்து நான்கு வயல்களுக்கு நீர் விடுவது போன்றது இது. மதகைத் திறந்ததும் முதலில் வாய்க்கால் நிரம்ப வேண்டும். அதன் பிறகே வயலுக்கு நீர் சேரும். தனித்தனி த்ராட்டில் முறையில் ஒவ்வொரு வயலின் வரப்பிலும் ஒரு மடை இருக்கிறது. தகடு உள்வால்வுக்கு மிக அருகில் அமைவதால், இடையில் நிரம்ப வேண்டிய கொள்ளளவு சிறுத்துவிடுகிறது. மிதித்த கணமே எஞ்சின் பதில் சொல்கிறது.

இரண்டாவது பயன் ஒலியியல் சார்ந்தது. உள்வால்வு திறந்து மூடும்போது குழாயினுள் அழுத்த அலைகள் எழுகின்றன. அவை குழாயின் திறந்த முனையில் எதிரொலித்துத் திரும்புகின்றன. குழாயின் நீளம் சரியாக அமைந்தால், திரும்பும் அலை வால்வு திறந்திருக்கும் வேளையில் வந்து சேர்ந்து கூடுதல் காற்றை உள்ளே தள்ளும். தனித்தனி த்ராட்டிலின் வாயில் பொருத்தப்படும் எக்காளம் போன்ற குழல்களின் நீளம் இதற்காகவே கணக்கிடப்படுகிறது. புல்லாங்குழலின் துளைக்கும் சுரத்துக்கும் உள்ள உறவுதான் இங்கே நீளத்துக்கும் எஞ்சின் சுழற்சி வேகத்துக்கும் உள்ளது. ஆனால் ஒரு நீளம் ஒரு குறிப்பிட்ட வேகப் பகுதிக்கே பொருந்தும். மேலும், கேம்ஷாஃப்டும் சிலிண்டர் ஹெட்டும் உடன்மாறாத எஞ்சினில் உச்சத் திறன் பெரிதாக உயர்வதில்லை. மாறுவது முதன்மையாக எதிர்வினை வேகமும் ஓசையும்தான்.

இம்முறையைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்ற கார்கள் உண்டு. 1986இல் வந்த முதல் பிஎம்டபிள்யூ எம்3இன் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நான்கு த்ராட்டில்கள் இருந்தன. 1989இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரில் ஆறு இருந்தன. இவ்விரு கார்களையும் முன்மாதிரியாகச் சுட்டும் ஆர்வலர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. இரண்டிலும் காற்று நேரடியாகத் திறந்த குழல்களுக்குள் நுழைவதில்லை. முதலில் காற்று வடிகட்டியையும் காற்றின் அளவை உணரும் கருவியையும் கடந்து, பொது அறை ஒன்றை அடைந்து, அதன் பின்னரே தனித்தனி த்ராட்டில்களுக்குச் செல்கிறது. அதாவது, கதவுகளைப் பெருக்கிய பொறியாளர்கள் காவலாளியை நீக்கவில்லை.

பட்டறையில் செய்யப்படும் மாற்றத்தில் பெரும்பாலும் நீக்கப்படுவது அந்தக் காவலாளியே. சூப்பர்பைக்குகளிலிருந்து எடுக்கப்பட்ட த்ராட்டில் பாடிகளை இணைப்புத் தகடு வைத்துக் கார் எஞ்சினில் பொருத்தும்போது, பொது அறை போய்விடுகிறது. அதனோடு காற்றின் நிறையை அளக்கும் சென்சாருக்கும் இடமில்லாமல் போகிறது. அழுத்தத்தை அளக்கும் சென்சாரும் இங்கே முழுமையாக உதவாது. த்ராட்டில் சிறிது திறந்ததுமே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிவிடுவதால், பாதித் திறப்புக்கும் முழுத் திறப்புக்கும் இடையிலான வேறுபாடு அதற்குத் தெரிவதில்லை. எனவே தகடு எந்தக் கோணத்தில் திறந்துள்ளது, எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்னும் இரண்டை மட்டும் வைத்து எரிபொருளின் அளவை முடிவு செய்யும் அட்டவணை கணினியில் எழுதப்படுகிறது. இதனை ஆல்ஃபா-என் முறை என்பர். பந்தயத் தடத்துக்கு இது போதுமானது. ஏனெனில் பந்தயத் தடம் மலையேறுவதில்லை.

மூணாறு செல்லும் சாலை ஏறுகிறது. திட்ட வளிமண்டலக் கணக்கின்படி 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. பாலக்காட்டில் எழுதப்பட்ட அட்டவணைக்கு இது தெரியாது. தகட்டின் கோணமும் சுழற்சி வேகமும் மாறாததால் அது பழைய அளவிலேயே பெட்ரோலைப் பீய்ச்சும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று சமவெளியில் அமைத்த கலவை, மலையில் 12.7 ஆகச் செறிந்துவிடும். எரிபொருள் வீணாகும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், புகையில் கார்பன் மோனாக்சைடு கூடும். இதன் மறுபக்கம் இன்னும் தீவிரமானது. மூணாற்றில் முழுச்சுமைக்கு 12.7 என்று அமைத்த எஞ்சின், சமவெளிக்கு வந்து முழு வேகத்தில் ஓடும்போது கலவை 14.7 ஆக மெலியும். முழுச்சுமையில் மெலிந்த கலவை சிலிண்டரின் வெப்பத்தைக் கூட்டி, அதிர்வெடிப்பையும் பிஸ்டன் சேதத்தையும் வரவழைக்கக்கூடியது.

இது புதிய அறிவன்று. கார்புரேட்டர் வண்டிகளை மலைக்கு அனுப்பிய தலைமுறை மெக்கானிக்குகள், உயரம் கூடினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்பதைக் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தனர். மின்னணு எரிபொருள் செலுத்துமுறை அந்தப் பொறுப்பைச் சென்சாரிடம் ஒப்படைத்தது. சென்சாரை நீக்கிவிட்டு, மெக்கானிக்கின் பழைய பொறுப்பையும் திரும்ப ஏற்காத மாற்றம், தோற்றத்தில் பந்தயக் காராகவும் அறிவில் கார்புரேட்டருக்கும் முந்தையதாகவும் ஆகிவிடுகிறது.

இதனினும் அஞ்சத்தக்கது பிரேக். காரின் பிரேக் பூஸ்டர், எஞ்சினின் பொது அறையில் உருவாகும் வெற்றிடத்தைக் கொண்டே ஓட்டுநரின் மிதியைப் பெருக்கித் தருகிறது. பொது அறை இல்லாத எஞ்சினில் அந்த வெற்றிடம் ஒவ்வொரு சிறு குழாயிலும் விட்டுவிட்டுத் துடிக்கிறது. நான்கு குழாய்களிலிருந்தும் ஒருவழி வால்வு வழியாக அதனை ஒரு சேமக்கலத்தில் திரட்டினால்தான் பூஸ்டர் நிலையாக வேலை செய்யும். ஒரே குழாயில் மட்டும் இணைப்புக் கொடுத்து அனுப்பப்பட்ட காருக்குச் சமவெளியில் குறை தெரியாமல் போகலாம். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் கொண்டையூசி வளைவுகளில், அடுத்தடுத்து மிதிக்கப்படும் பிரேக் கடினமாகும்போது தெரியவரும். அச்சாலையில் எதிரே வருவது தோட்டத் தொழிலாளரை ஏற்றிவரும் ஜீப்பாக இருக்கலாம்.

ஆர்வலர்களின் மறுப்பும் செவிமடுக்கத்தக்கதே. வெளிக்காற்றின் அழுத்தத்தை உணரும் சிறு சென்சாரைச் சேர்த்தால் உயரச் சிக்கல் தீரும்; வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு கலவையைச் சரிபார்க்கலாம்; டைனமோமீட்டரில் ஏற்றி அட்டவணையைச் செப்பனிடலாம்; வெற்றிடச் சேமக்கலம் பெரிய செலவன்று என்பது அவர்கள் வாதம். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த வாதம் இக்கட்டுரையின் கருத்தையே உறுதி செய்கிறது. அவர்கள் அடுக்கும் தீர்வுகளுள் பெரும்பாலானவை அளவீட்டுக் கருவிகளே. அவை சேரும்போது தனித்தனி த்ராட்டில் மேம்பாடு ஆகிறது. சேராதபோது அது விலையுயர்ந்த ஓசை மட்டுமே. சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் நடுவே செல்லும் சாலையில் அந்த ஓசைக்கு வேறொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவை காட்டு விலங்குகள்.

அளந்து செய்த மாற்றத்தையும் அளக்காமல் செய்த மாற்றத்தையும் சட்டம் வேறுபடுத்துவதில்லை என்பதே அடுத்த சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என உரிமையாளருக்குத் தண்டனை வகுத்தது. பொதுச்சாலையின் பாதுகாப்பைக் கருதினால் தடையின் நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் காற்றழுத்தச் சென்சாரும் சேமக்கலமும் வைத்து முறையாகச் செய்தவருக்கும், தகட்டை மட்டும் பொருத்தி அனுப்பியவருக்கும் ஒரே தண்டனை என்றால், முறையாகச் செய்வதற்குச் சட்டம் எந்த ஊக்கமும் அளிக்கவில்லை என்று பொருள். மறைவில் செய்யப்படும் வேலையை எவரும் சோதிப்பதில்லை. சோதிக்கப்படாத வேலையிலிருந்து எவரும் கற்பதுமில்லை.

மாற்று வழிக்கு முன்னுதாரணம் அதே சட்டத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் காரை எரிவாயுவுக்கு மாற்றுவதும் எஞ்சினின் அடிப்படையையே தொடும் மாற்றம்தான். அதற்குச் சோதனை நிறுவனங்களின் ஒப்புதல் பெற்ற கருவித் தொகுப்பும், பதிவுச் சான்றில் மாற்றத்தைக் குறிக்கும் நடைமுறையும் உள்ளன. எரிவாயுவுக்கு இயன்றது காற்றுக்கு இயலாதா? புகை அளவு, ஒலி அளவு, பிரேக் வெற்றிடம், இரு வேறு உயரங்களில் கலவை விகிதம் ஆகிய நான்கையும் சோதித்துச் சான்றளிக்கும் ஒரு வழி திறக்கப்பட்டால், பெரும்பாலான அரைகுறை மாற்றங்கள் அந்த வாசலிலேயே நின்றுவிடும். அதுவரை அவற்றின் இடம் பொதுச்சாலை அன்று, பந்தயத் தடமே. தடம் தொலைவிலும் இல்லை. மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்த கோவை கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே, பாலக்காட்டு எல்லையை அடுத்த கோவை மாவட்டத்தின் செட்டிபாளையத்தில் இருக்கிறது.

அத்தடத்தில் நடைபெறும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டி, கல்விக்கூடங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தையும் வைத்திருக்கிறது. இவ்வகை மாணவர் போட்டிகளின் விதிப்படி, பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே குறுகல் வழியாகச் செல்ல வேண்டும். த்ராட்டில் அதற்கு முன்னால் அமைய வேண்டும். எனவே நான்கு சிலிண்டர் பைக் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் அணிகள், அதில் தொழிற்சாலை பொருத்திய நான்கு த்ராட்டில்களைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றை த்ராட்டிலையும் பொது அறையையும் தாமே வடிவமைக்கின்றன. பட்டறை இளைஞர்கள் ஒன்றை நான்காக்கும் அதே காலத்தில், மாணவர்கள் நான்கை ஒன்றாக்குகிறார்கள். எண்ணிக்கை எதிர்த்திசையில் சென்றாலும் மாணவர்கள் கற்பது அதிகம். ஏன் இந்த நீளம், ஏன் இந்தக் கொள்ளளவு என்று நடுவர்களுக்கு அவர்கள் தரவுகளோடு விடைசொல்ல வேண்டியிருக்கிறது. பட்டறை இளைஞரிடம் அப்படிக் கேட்க எவருமில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு எல்லைப்பகுதிக்கே இயற்கையாக வாய்த்திருக்கிறது. பாலக்காட்டில் 1960 முதல் இயங்கும் என்எஸ்எஸ் பொறியியல் கல்லூரியும், 2015இல் தொடங்கப்பட்ட ஐஐடியும் உள்ளன. இடுக்கியில் பைனாவிலும் மூணாற்றிலும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. ஒரே எஞ்சினைக் கீழேயும் மேலேயும் இயக்கி, ஒற்றை த்ராட்டிலோடும் தனித்தனி த்ராட்டில்களோடும் கலவை, புகை, பிரேக் வெற்றிடம் ஆகியவற்றை ஒப்பிட்டு அளக்க, உயரத்தைச் செயற்கையாக உருவாக்கும் அறை தேவையில்லை, மலையே போதும். அந்த ஆய்வில் பட்டறைத் தொழிலாளர் கூட்டாளிகளாக இடம்பெற வேண்டும். அவர்களுடைய கைத்திறன் பல ஆண்டு அனுபவத்தின் விளைவு. அதற்கு இல்லாதது பதிவும் சரிபார்ப்பும் மட்டுமே. எஞ்சின் ஆய்வு பெருநிறுவனங்களின் ஆய்வகங்களுக்கே உரியது என்னும் எண்ணமும், பட்டறை அறிவு பாடத்திட்டத்துக்குப் புறம்பானது என்னும் எண்ணமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இரண்டையும் சேர்த்தே கைவிட வேண்டும்.

தனித்தனி த்ராட்டில் பொருத்திய கார் விரைவாகப் பதில் சொல்லும் என்பதில் ஐயமில்லை. அந்தப் பதில் பாலக்காட்டிலும் மூணாற்றிலும் சரியாக இருக்கிறதா, இறக்கத்தில் பிரேக்கும் அதே உறுதியோடு பதில் சொல்கிறதா என்று அளந்து காட்டும் வரை, அதனை மேம்பாடு என்று அழைக்க ஆர்வலருக்கு உரிமையில்லை. அளந்து காட்ட ஒரு வாசலும் திறக்காத வரை, எல்லா மாற்றத்தையும் குற்றம் என்று ஒதுக்குவதால் மட்டும் அரசின் கடமை நிறைவேறிவிடுவதுமில்லை.