தாய் கற்றால் வீடு கற்கும்

அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தவன் அவன். தொண்டைமானிடம் தூது செல்லவும் அப்பெரும்புலமையாட்டியையே தேர்ந்தவன். பெண்ணின் கல்விக்கு இத்துணைப் பெருமை தந்த அம்மண்ணில், 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேரே. அன்றைய தமிழ்நாட்டு மாவட்டங்களுள் கடைசி இடம் இதற்கே. பெண்களை மட்டும் எண்ணின் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர். ஔவை உலவிய நாட்டில் பெண்கள் பதின்மருள் நால்வர் எழுத்தறியார் எனின், இதனினும் நாணத்தக்கது பிறிதுண்டோ?

பென்னாகரம், அரூர்ப் பக்கத்துப் புன்செய்க் குடிகள் மழை பொய்த்தால் வேலை தேடிப் பெங்களூர்க்கும் திருப்பூர்க்கும் கேரளத்துக்கும் பெயர்கின்றனர். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் சென்றால் வீட்டில் படிப்பைக் கேட்பாரில்லை. உடன் கொண்டு சென்றால், அங்குள்ள பள்ளியில் கன்னடமோ மலையாளமோ ஆங்கிலமோ எதிர்நிற்கிறது. பள்ளியினின்று வரும் தாளைப் பிள்ளையே தாய்க்குப் படித்துச் சொல்கிறது. அது சொன்னதே அவட்கு உண்மை. வழிகாட்ட வேண்டியவள் வழி கேட்கும் நிலைக்குத் தாழ்கின்றாள். வறுமையினும் கொடிது இத்தாழ்வு.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. மெக்சிக்கோ முதலிய நாடுகளினின்று அமெரிக்காவிற் குடியேறிய எசுபானிய மொழிக் குடும்பங்களும் இதே நிலைக்கு உள்ளாயின. அந்நாட்டு நடுவணரசு 1988-இல், ஏழைக் குடும்பங்களுக்கென ‘ஈவன் சுடார்ட்டு’ என்னும் திட்டத்திற்குச் சட்டம் இயற்றியது. பெற்றோர்க்கு எழுத்து, மழலையர்க்குத் தொடக்கக் கல்வி, பிள்ளை வளர்ப்பறிவு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கற்கும் பொழுது என்னும் நான்கையும் அது ஒன்றாகப் பிணைத்தது. நோக்கம் நன்று, ஆயினும் ஆய்வுகள் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. உழைத்துக் களைத்த பெற்றோரால் வகுப்புகளுக்குப் போதிய அளவு வர இயலவில்லை. 2011-இல் அதற்குரிய நிதியும் நின்றது. எனினும், 2006-இல் அந்நாட்டு ஆய்வுக்குழுவொன்று வெளியிட்ட அறிக்கை, தாய்மொழியில் எழுத்துப் பயின்ற பிள்ளை ஆங்கிலத்தையும் நன்கு படிக்கிறது என்று நிறுவியது. தாய்மொழி பிறமொழிக்குத் தடையன்று, படியே என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டு முயற்சிகளை இவ்வொளியில் நோக்குவோம். 1990-களில் அறிவொளி இயக்கம் முதியோர்க்கு எழுத்தூட்டியது. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, பெருந்தொற்றால் படிப்பிழந்த பிள்ளைகளை மாலைப்பொழுதில் நாடிச் சென்றது. 2022-இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 அகவைக்கு மேற்பட்டோர்க்கு உரியது. மூன்றும் நற்பணிகளே. ஆயின் தாய்க்கு ஒரு திட்டம், பிள்ளைக்கு வேறொரு திட்டம் எனப் பிரிந்து நின்றன. இருவரும் ஒரே விளக்கின்கீழ் அமரும் இடத்தை அவை தம் நடுப்பணியாகக் கொள்ளவில்லை. ஆண்டில் பாதி ஊரிலும் பாதி வேலைக்களத்திலும் வாழும் குடும்பத்தை ஊர்நிலைத் திட்டம் எங்ஙனம் பற்றும்?

ஆகவே நாம் வேண்டுவன இவை: தாயும் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து கற்கும் வகுப்பு வேண்டும். அது குடும்பம் ஊர் திரும்பியிருக்கும் திங்கள்களில் ஊரிலும், மற்றத் திங்கள்களில் கட்டடக் களத்தருகிலும் நடைபெறல் வேண்டும். முதலெழுத்து தமிழெழுத்தாதல் வேண்டும். மொழிச்சிறுபான்மைப் பிள்ளைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டுமென அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. அண்டை மாநிலங்களில் அதை நம்மவர்க்கெனக் கேட்டல் நம் உரிமை.

உரிமை கேட்போர்க்குக் கடமையும் உண்டு. திருவள்ளூர்ப் பகுதிச் செங்கற்சூளைகளில் ஒடிசாத் தொழிலாளர் பிள்ளைகட்கு அவர்தம் ஒடியா மொழியிலேயே கற்பித்த வேலையிடப் பள்ளிகள் நடந்துள்ளன. அதுவே அறம். நம் தாய்க்கு வேண்டுவதை இங்கு வந்து உழைக்கும் தாய்க்கு மறுத்தல் தகாது.

அரசு செய்யுங்கால் செய்யட்டும் என்று நாம் வாளா இருத்தலும் தகாது. தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் தெருவில் எழுத்தறியாத் தாயொருத்தியையும் அவள் பிள்ளையையும் ஒருங்கே அமர்த்தி, நாளும் அரைமணிப்பொழுது கற்பிக்க முன்வருக. அவள் கதையாகவும் தாலாட்டாகவும் நெஞ்சில் வைத்திருக்கும் தமிழையே முதற்பாடமாக எழுதச் செய்க. தன் சொல்லைத் தானே எழுதிப் படிக்கும் தாயின்முன் பிள்ளை தலைவணங்கும். அவ்வீட்டில் தமிழும் தலைநிமிரும்.